வக்கீல் தொழிலிலிருந்து பதிப்பக நிர்வாகத்துக்கு: எந்த வாசல் வழியாக நுழைவது?

கறுப்புக்கோட்டு:

வணக்கம். சிவில் வழக்குகளும் ஒப்பந்த வேலையும் பார்த்துவரும் ஒரு வழக்கறிஞர் புத்தகப் பதிப்பகத்தில் நிர்வாகப் பொறுப்பு வரை போக என்ன வழி? பதிப்புரிமைச் சட்டம் ஓரளவு தெரியும். பதிப்பகத்துக்குள் பணம் எப்படிப் புழங்குகிறது என்பது சுத்தமாகத் தெரியாது.

சட்டப் பிரிவில் சேர்ந்து அங்கிருந்து ஏறுவதா, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று உரிமைப் பிரிவில் நுழைவதா? முதல் ஓராண்டில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? வக்கீல் மூளை எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரிவிடும்? "புத்தகங்களை நேசித்தால் போதும்" வகைப் பதில்கள் வேண்டாம், தயவுசெய்து. வேலை விவரம் வேண்டும்.

உரிமைமேசை:

வக்கீல்கள் இந்தத் துறைக்குள் வருவது பெரும்பாலும் நான்கு வழிகளில்: சட்டப் பிரிவு, ஒப்பந்தப் பிரிவு, உரிமைப் பிரிவு, அல்லது வெளியே எழுத்தாளரின் முகவராக. நான்கும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடாது.

சட்டப் பிரிவில் உட்கார்ந்தால் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் செலவு. கடைசிக் கட்டத்தில்தான் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். "வேண்டாம்" என்று சொல்கிற ஆள் என்று பெயர் விழுந்துவிட்டால் ஆசிரியர் குழு உங்களைக் கேட்காமலே வேலையை முடிக்கப் பழகிக்கொள்ளும். உரிமைப் பிரிவில் நீங்கள் வரவு. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம், தொடர் வெளியீடு என்று எதை விற்றாலும் அது உங்கள் பெயரில் எண்ணாக நிற்கும். நிர்வாகப் பதவிக்குப் பெயர் பரிசீலிக்கப்படும்போது அந்த எண்தான் பேசும்.

முகவர் வழியில் போய்ப் பெயர் பெற்றவர்கள் உண்டு. மார்ட்டன் ஜாங்க்லோ வக்கீலாக இருந்து முகவரானவர். ராபர்ட் பார்னெட் வக்கீலாகவே இருந்து, முகவர்களுக்குரிய 15 சதவீதத்துக்குப் பதிலாக மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி அரசியல்வாதிகளின் நினைவுக்குறிப்புகளை விற்றுக்கொடுத்தார். ஆனால் இருவரும் மேசையின் எதிர்ப்பக்கம். பதிப்பகத்தை நடத்தும் ஆசை என்றால் அது சுற்றுவழி.

நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: ஒப்பந்தப் பிரிவில் நுழையுங்கள், அங்கிருந்து உரிமைப் பிரிவுக்கு நகருங்கள். உங்கள் கைப்பழக்கம் முதல் நாளிலிருந்தே பயன்படும் இடம் ஒப்பந்தம். ஆசிரியர், விற்பனை, கணக்கு என எல்லாரோடும் பேச வேண்டி வருவதும் அங்கேதான்.

ஒப்பந்தம் இருபது பக்கம் இருந்தாலும் சண்டை வருவது ஏழெட்டுப் பிரிவுகளில்தான். முதலில் உரிமை வழங்கும் பிரிவு: எந்த மொழி, எந்த நிலப்பரப்பு, எந்த வடிவம், எவ்வளவு காலம். இதில் ஒரு சொற்றொடர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு இரண்டு அமெரிக்க வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2001-ல் ரேண்டம் ஹவுஸ் என்ற பெரிய பதிப்பகம், ரோசெட்டா புக்ஸ் என்ற மின்னூல் நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை கேட்டது. பழைய ஒப்பந்தங்களில் இருந்தது "நூல் வடிவில்" அச்சிட்டு, வெளியிட்டு, விற்கும் உரிமை. மின்னூல் அதற்குள் அடங்காது என்ற நிலைப்பாட்டை எடுத்து நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2002-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 2014-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், ஓப்பன் ரோடு என்ற மின்னூல் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் முடிவு தலைகீழ். 1971 ஒப்பந்தம்தான், ஆனால் அதில் கணினி உள்ளிட்ட மின்னணு வழிகளில் "இப்போது அறியப்பட்ட அல்லது இனிமேல் கண்டுபிடிக்கப்படும்" என்று எழுதியிருந்தார்கள். பதிப்பகம் ஜெயித்தது. தலைப்பட்டியலில் ஆயிரம் பழைய புத்தகங்கள் இருக்கும் பதிப்பகத்துக்கு அந்த ஒற்றை வரியின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது உரிமைத்தொகை, அதாவது விற்கும் பிரதிக்கு ஏற்ப எழுத்தாளருக்குப் போகும் பங்கு. எத்தனை சதவீதம் என்பதைவிட எதன் மீது சதவீதம் என்பதுதான் முக்கியம். அமெரிக்கப் பொதுவாசிப்புப் பதிப்பகங்களில் கெட்டி அட்டைக்கு வழக்கமான ஏணி: முதல் 5,000 பிரதிக்கு அட்டை விலையில் 10 சதவீதம், அடுத்த 5,000-க்கு 12.5, அதற்கு மேல் 15. மின்னூலுக்கு நிகர வரவில் 25. அட்டை விலை 100 என்றால் அதில் 10 சதவீதம் 10. கடைக்காரருக்கு 50 சதவீதக் கழிவு போனபின் வரும் நிகர வரவில் 10 சதவீதம் என்றால் 5. இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் எழுத்தாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதோடு ஒட்டிய வம்பு அதிகக் கழிவுப் பிரிவு. கழிவு ஒரு வரம்பைத் தாண்டினால் உரிமைத்தொகை பாதியாகும் அல்லது நிகர வரவுக்கு மாறும். வரம்பு 55 என்று வையுங்கள். பெரிய ஆர்டரைப் பிடிக்க விற்பனைக்காரர் 56 தருகிறார். ஒற்றைச் சதவீதத்தில் பதிப்பகத்துக்கு வரும் இழப்பு சொற்பம், எழுத்தாளரின் வருமானமோ சரிபாதி. அடுத்த அரையாண்டுக் கணக்கைப் பார்த்ததும் தணிக்கை கேட்டுக் கடிதம் வரும். இந்தப் பிரிவை எழுதுகிறவர் விற்பனை மேலாளரோடு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

உரிமை திரும்பும் பிரிவும் அப்படியே. "அச்சில் இல்லாமல் போனால்" என்று மட்டும் எழுதினால் இன்று பொருளே இல்லை. மின்னூலும் தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் இருக்கும்வரை எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போகாது. அடுத்தடுத்த இரண்டு கணக்குக் காலங்களில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் என்று எண்ணிக்கை வைத்து எழுதுங்கள். அமெரிக்காவில் 1978 முதல் போட்ட ஒப்பந்தம் என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவும் தலையில் இருக்கட்டும். வெளியீட்டு உரிமை சார்ந்த ஒப்பந்தத்தை, வெளியான நாளிலிருந்து 35 ஆண்டு அல்லது கையெழுத்திட்ட நாளிலிருந்து 40 ஆண்டு, எது முந்தியோ அப்போது எழுத்தாளர் முறிக்கலாம். அதற்கு 2 முதல் 10 ஆண்டு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது.

முதல் ஓராண்டுக்கு ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கச் சொன்னால் உரிமைத் தணிக்கையைச் சொல்வேன். பழைய தலைப்புகளில் ஐம்பதை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூல ஒப்பந்தம், பின்னிணைப்புக் கடிதங்கள், நிலப்பரப்பு, வடிவங்கள், முடியும் தேதி, விற்ற துணை உரிமைகள், அட்டைப்பட உரிமம் என்று அட்டவணை போடுங்கள். பின்னிணைப்புக் கடிதம் காணாமல் போயிருக்கும், அது சகஜம். அதைவிடக் கையைக் கடிப்பது அட்டைப்படம். புகைப்பட உரிமத்தில் "முதல் பதிப்பு, 5,000 பிரதி, ஒரு மொழி" என்று இருக்கும். புத்தகம் ஆறாவது அச்சில் ஓடிக்கொண்டிருக்கும், மின்னூலிலும் அதே படம் இருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கணக்குமேடை:

உரிமைமேசை சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். உரிமைப் பிரிவு வரவு காட்டும், சரி. ஆனால் பதிப்பகத்தை நடத்தும் நாற்காலிக்குப் போனவர்களில் பலர் நிதி வழியாகப் போனவர்கள். 1998 முதல் 2008 வரை ரேண்டம் ஹவுஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பீட்டர் ஓல்சன் ஹார்வர்டில் சட்டமும் வணிக மேலாண்மையும் படித்தவர். வக்கீலாக இருந்து, வங்கிக்குப் போய், பிறகு பெர்டல்ஸ்மான் என்ற ஜெர்மன் ஊடகக் குழுமத்துக்கு வந்தவர். 1998-ல் அந்தக் குழுமம் ரேண்டம் ஹவுஸை வாங்கியபோது அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். நல்ல ஒப்பந்தம் எழுதியதற்காக யாரும் அங்கே உட்கார வைப்பதில்லை. அதனால் லாப நட்டத் தாள் படிக்கத் தெரியாமல் வராதீர்கள்.

ஒரு புத்தகத்தின் தாள் இப்படி இருக்கும். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

அட்டை விலை 100. அச்சடித்தது 4,000. விற்காமல் கடைகளிலிருந்து திரும்பி வருவது 25 சதவீதம், ஆக விற்றது 3,000. கடைக்கழிவு 50, எனவே வரவு 1,50,000. அச்சும் தாளும் கட்டுமானமும் பிரதிக்கு 16 வீதம் நாலாயிரத்துக்கும் 64,000 (திரும்பி வந்ததற்கும் அச்சகத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள்). செப்பனிடல், பக்க வடிவமைப்பு, அட்டை, மெய்ப்பு எல்லாம் சேர்த்து 25,000. உரிமைத்தொகை 10 வீதம் 30,000. கிடங்கும் விநியோகமும் வரவில் பத்தில் ஒரு பங்கு, 15,000. விளம்பரம் 10,000. மொத்தச் செலவு 1,44,000. மிச்சம் 6,000. இதிலிருந்துதான் வாடகையும் சம்பளமும் போக வேண்டும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை அசைத்துப் பாருங்கள். கழிவை 55 ஆக்கினால் வரவு 1,35,000, விநியோகச் செலவு 13,500, மொத்தச் செலவு 1,42,500. 7,500 நட்டம். கழிவை 50-லேயே விட்டு, திரும்பி வருவதை 35 சதவீதமாக்கினால் விற்பது 2,600, வரவு 1,30,000, செலவு 1,38,000. 8,000 நட்டம். ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை அரை சதவீதம் குறைய மூன்று வாரம் வாதாடுகிற வக்கீல், அதனால் மிச்சமாவது இந்தத் தாளில் 1,500 மட்டுமே என்பதைப் பார்க்க வேண்டும். அச்சு எண்ணிக்கையைச் சரியாக முடிவு செய்தால் அதைப்போலப் பல மடங்கு மிஞ்சும்.

முன்பணம் பற்றி வெளியே உலவும் கருத்து ஒன்று: எழுத்தாளருக்கு முன்கூட்டியே கொடுத்த முன்பணம் அவருடைய உரிமைத்தொகையில் கழிந்து ஈடாகவில்லை என்றால் புத்தகம் நட்டம். தவறு. மேலே சொன்ன புத்தகத்துக்கு 45,000 முன்பணம் என்று வையுங்கள். பிரதிக்கு 10 வீதம், 4,500 பிரதி விற்றால்தான் ஈடாகும். ஆனால் பதிப்பகத்துக்குப் பிரதிக்கு மிஞ்சுவது 50-லிருந்து அச்சுக்கு 16, விநியோகத்துக்கு 5 கழித்து 29. நிலையான செலவு 25,000, விளம்பரம் 10,000, முன்பணம் 45,000, ஆக 80,000. அதை 29-ஆல் வகுத்தால், அச்சடித்ததெல்லாம் விற்கும் என்ற நிலையில், ஏறத்தாழ 2,760 பிரதியில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். எழுத்தாளருக்கு மேற்கொண்டு ஒரு காசு போகாத காலத்திலேயே பதிப்பகம் லாபத்தில் இருக்கலாம். ஒரே கையெழுத்துப் பிரதிக்குப் பல பதிப்பகங்கள் போட்டியிடும் ஏலத்தில் எவ்வளவு வரை போகலாம் என்று முடிவெடுப்பவர் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

மறுபுறம், அதே 45,000-ஐக் கொடுத்து 4,000 அச்சடித்து 3,000-தான் விற்றால் ஈடாகாத 15,000 செலவில் ஏறும். 6,000 லாபம் 9,000 நட்டமாகிவிடும். இதை எந்தக் கணக்குக் காலத்தில் எழுதித் தள்ளுவது என்பதில்தான் நிர்வாகக் குழுவில் சத்தம் கிளம்பும்.

திரும்பி வரக்கூடிய பிரதிகளை எதிர்பார்த்து உரிமைத்தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் பிடித்தம் ஒப்பந்தத்தில் இருக்கும். எத்தனை சதவீதம், எத்தனை கணக்குக் காலம் பிடித்து வைக்கலாம் என்று எல்லை வைக்காமல் "நியாயமான அளவு" என்று மட்டும் எழுதினால் அதுவே பின்னால் வழக்கு. வக்கீலாக வருகிறவர் இங்கே உண்மையிலேயே பயன்படுவார்.

மெய்ப்புத்தாள்:

சட்ட வாசிப்பை, அதாவது வெளியிடும் முன் கையெழுத்துப் பிரதியில் அவதூறு போன்ற சட்டச் சிக்கல் இருக்கிறதா என்று வக்கீல் படித்துப் பார்ப்பதை, யாரும் சொல்லவில்லையே. வக்கீல் பதிப்பகத்துக்குள் நுழையச் சின்ன வாசல் அது. முழுநேர வேலையாகக் கிடைக்காது. ஆனால் வெளியிலிருந்து கொண்டே பத்துப் பன்னிரண்டு கையெழுத்துப் பிரதிகளை வாசித்துக் கொடுத்தவரை ஆசிரியர் குழு மறக்காது.

வேலை எப்படி என்றால்: எழுத்தாளர் இறுதிப் பிரதியைக் கொடுத்தபின், செப்பனிடலுக்கு அனுப்பும் முன் வாசிக்க வேண்டும். பக்கம் வடிவமைத்தபின் ஒரு பத்தியை வெட்டினால் பக்க எண் நகரும், சொல்லடைவு நகரும், எல்லாருக்கும் எரிச்சல். அறிக்கையைக் கட்டுரையாக எழுதாதீர்கள். பக்கம், வரி, கூற்று, யாரைப் பற்றி, ஆதாரம் என்ன, அபாயம் எவ்வளவு, மாற்று வாசகம் என்ன என்று அட்டவணையாகக் கொடுங்கள். அட்டவணையின் கடைசிக் கட்டம்தான் உயிர். "இது அவதூறாகலாம்" என்று நிறுத்திக்கொள்பவர் வக்கீல். "இந்த வினைச்சொல்லை மாற்றினால் போகும்" என்று எழுதிக்கொடுப்பவரைத்தான் அடுத்த புத்தகத்துக்கும் கூப்பிடுவார்கள்.

தவறவிடும் இடங்கள் எப்போதும் ஒன்றே. படக்குறிப்புகள், சொல்லடைவு, பின்னட்டை. உள்ளே எழுத்தாளர் கவனமாக "முறைகேடு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டார்" என்று எழுதியிருப்பார். சொல்லடைவில் அந்தப் பெயருக்குக் கீழே "முறைகேடு, 112" என்று நிற்கும். பின்னட்டை எழுதும் விளம்பரப் பிரிவோ "முறைகேட்டை அம்பலப்படுத்தும் நூல்" என்று கூர்தீட்டியிருக்கும். அந்தப் பின்னட்டை வாசகம் புத்தகம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே விவரத்தரவாக எல்லா இணையக் கடைகளுக்கும் போய்விடும். அச்சுப் பிரதியைத் திருத்தினாலும் அங்கே பழைய வாசகம் கிடக்கும். அதையும் வாசிக்கக் கேட்டு வாங்குங்கள்.

அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1964 சல்லிவன் தீர்ப்புக்குப் பிறகு பொதுப்பணியில் இருப்பவர் வழக்கில் ஜெயிக்க, பொய் என்று தெரிந்தோ உண்மையா என்று கவலைப்படாமலோ எழுதியதாக நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில். 2013 சட்டம் "கடுமையான பாதிப்பு" என்ற தடையை வைத்தது, ஆனால் அந்தப் பாரத்தை மாற்றவில்லை. யூத இனப்படுகொலையை மறுப்பவர் என்று எழுதியதற்காக டேவிட் இர்விங், பெங்குவின் நிறுவனத்தின் மீதும் வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீதும் லண்டனில் தொடுத்த வழக்கு அப்படிப்பட்டது. எழுதியது உண்மைதான் என்று பெங்குவின் தரப்பு நிபுணர்களை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2000 ஏப்ரலில் ஜெயித்தார்கள். சமரசமா, வழக்கா என்று முடிவெடுப்பது சட்டப் பிரிவு அல்ல, நிர்வாகம். அந்த முடிவுக்குள் காப்பீட்டுத் தொகை, எழுத்தாளரின் நம்பிக்கை, அடுத்து யார் வழக்குப் போடுவார் என்ற கணிப்பு எல்லாம் இருக்கும்.

காப்பீடு என்றதும் ஒன்று. ஒப்பந்தத்தில் எழுத்தாளர் தரும் இழப்பீட்டு உறுதியை நம்பி யாரும் தூங்குவதில்லை. பெரும்பாலான எழுத்தாளர்களிடம் அந்தத் தொகை இருக்காது. நிறுவனத்தின் காப்பீட்டில் எழுத்தாளரையும் சேர்க்க முடியுமா, முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். மிரட்டல் கடிதம் வந்த உடனே காப்பீட்டாளருக்குச் சொல்ல வேண்டும். பதில் எழுதிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தால் அவர்கள் கைகழுவ அது ஒன்றே போதும்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக. "முன்னூறு சொல் வரை எடுக்கலாம்" என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்ப்பர் அண்ட் ரோ வழக்கில், முன்னாள் அதிபர் ஃபோர்டின் வெளிவராத நினைவுக்குறிப்பிலிருந்து ஏறத்தாழ முன்னூறு சொல் எடுத்ததையே நியாயப் பயன்பாடு (அனுமதி கேட்காமல் எடுக்கச் சட்டம் விடும் அளவு) இல்லை என்றது. எவ்வளவு என்பதைவிட எந்த முன்னூறு என்பதுதான் கேள்வி. கடிதங்களில் தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்து எழுதியவருக்கு. வாழ்க்கை வரலாறுகள் மாட்டிக்கொள்வது இதில்தான். பாடல் வரி என்றால் ஒரே வரியாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள். மூல நூல் பொதுவுடைமை ஆகிவிட்டதால் மொழிபெயர்ப்பும் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை ஓடிக்கொண்டிருக்கும்.

(இந்த வழி ஒன்றும் புதிதல்ல. சி. வை. தாமோதரம் பிள்ளை பி.எல். தேறிய வக்கீல்தான். கலித்தொகையை 1887-ல் அச்சேற்றியது அவர்.)

கறுப்புக்கோட்டு:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்த 2,760-க்கும் 4,500-க்கும் உள்ள இடைவெளி புதுச் செய்தி. இன்னும் இரண்டு கேள்வி. நிர்வாகப் பொறுப்புக்கு மாறினால் வக்கீல் என்ற முறையில் கிடைக்கும் ரகசியப் பாதுகாப்பு என்ன ஆகும்? உரிமை விற்பனைக்கு மாறும்போது எது திணறவைக்கும்?

மூன்றாம்படி:

முதல் கேள்விக்கு: நீங்கள் வணிக ஆலோசனை சொன்னால் அதற்குப் பாதுகாப்பு இல்லை, வக்கீல் பட்டம் இருந்தாலும் இல்லை. இரண்டு தொப்பி போடுகிறவரின் மின்னஞ்சல்தான் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட (நிறுவனங்கள் கூடி விலை வைப்பது போன்றவற்றைத் தடுக்கும் சட்டம்) விசாரணைகளில் நிறுவனத்துக்குள் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலின் கடிதத்துக்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2010-ல் அக்சோ நோபல் வழக்கில் சொல்லிவிட்டார்கள். சட்டக் கருத்து என்றால் தனிக் கடிதமாக, அதை மட்டும் எழுதுங்கள். விலையும் விற்பனையும் கலந்த நீளமான அஞ்சலின் தலையில் "ரகசியம்" என்று போடுவதால் ஒன்றும் ஆகாது. பல நாடுகளில் முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் வழக்காடும் உரிமத்தை நிறுத்திவைக்கவும் வேண்டும். உங்கள் வழக்கறிஞர் மன்ற விதியைச் சேரும் முன்பே பாருங்கள். பழைய கட்சிக்காரர்களில் எழுத்தாளரோ போட்டிப் பதிப்பகமோ இருந்தால் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

போட்டிச் சட்டம் இந்தத் துறையில் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீதும் ஐந்து பெரிய பதிப்பகங்கள் மீதும் மின்னூல் விலை தொடர்பாக வழக்குப் போட்டது. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டன, ஆப்பிள் 2013 ஜூலையில் தோற்றது. பதிப்பகத் தலைவர்கள் உணவகத் தனியறைகளில் கூடிப் பேசியது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ், சைமன் அண்ட் ஷூஸ்டரை 217.5 கோடி டாலருக்கு வாங்கப் போட்ட திட்டத்தை 2022 அக்டோபர் 31-ல் நீதிபதி ஃப்ளாரன்ஸ் பான் தடுத்தார். அங்கே பார்த்தது வாசகர் கொடுக்கும் விலையை அல்ல. 2,50,000 டாலரும் அதற்கு மேலும் முன்பணம் பெறும் புத்தகங்களுக்கு ஏலம் கேட்பவர்கள் குறைந்தால் எழுத்தாளர்களுக்குப் போகும் தொகை குறையும் என்பதுதான் அடிப்படை. புத்தகச் சந்தையில் போட்டிப் பதிப்பகத்து ஆளோடு தேநீர் குடிக்கலாம். முன்பணமும் கழிவும் பேச்சில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: முதலில் திணறவைப்பது வேகம். பிராங்க்பர்ட் சந்தை அக்டோபரில். அங்கே அரை மணிக்கு ஒரு சந்திப்பு, அதில் ஐந்தாறு புத்தகம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம், ஒப்பிட இரண்டு தலைப்பு, விற்பனை எண், எந்த மொழிகளில் போயிருக்கிறது. அவ்வளவுதான். எச்சரிக்கை வாசகங்களோடு பேசிப் பழகியவருக்கு இது முள். திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் பிரதியும் விவரத் தாளும் அனுப்பாவிட்டால் அந்தச் சந்திப்பு வீண்.

அடுத்தது விற்ற பிறகு நடப்பது. மொழிபெயர்ப்பு உரிமத்தைக் காலவரையறையோடு விற்பார்கள், ஐந்து முதல் ஏழு ஆண்டு வழக்கம். ஒப்பந்தம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொகையில் அங்கே வரி பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி குறைந்த விகிதம் வேண்டுமென்றால் வரி வசிப்பிடச் சான்றிதழ் பணம் கிளம்பும் முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். அது பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. தாமதமானால் முழு விகிதமும் பிடித்துவிடுவார்கள், திரும்பப் பெற அலைய வேண்டும். இன்னொன்று, எத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்று எழுதுங்கள், பதினெட்டோ இருபத்து நான்கோ. இல்லாவிட்டால் உரிமத்தை வாங்கிப் பரணில் போட்டுவிடுவார்கள், அந்த மொழியில் வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

உரிமைமேசை:

மூன்றாம்படி சொன்ன வேகத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு வெளியீட்டு அட்டவணை புரிய நாளாகும். கையெழுத்துப் பிரதியிலிருந்து கடை வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். அச்சகத்தில் ஒதுக்கிய வாரம் தவறினால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்பது அவர்கள் கையில். ஒப்பந்தம் மூன்று மாதம் இழுத்தால் அதற்குள் செப்பனிடல் தொடங்கியிருக்கும், அட்டை வரைந்திருப்பார்கள், விற்பனைப் பட்டியலில் பெயர் வந்திருக்கும். அப்போது பேரம் பேசும் பலம் முழுக்க எழுத்தாளர் பக்கம். அதனால் விலை, நிலப்பரப்பு, வடிவம், முன்பணத் தவணை, ஒப்படைக்கும் தேதி இவற்றை ஒரே பக்க ஒப்புதல் குறிப்பில் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். முழு ஒப்பந்தம் பின்னால் வரட்டும்.

1,500 பிரதி விற்கும் கவிதைத் தொகுப்புக்கு உறுதிமொழிப் பிரிவில் ஆறு சுற்றுத் திருத்தம் அனுப்புவதும் வக்கீல் வியாதிதான். மூன்று வகை ஒப்பந்த வார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்: சிறியது, வழக்கமானது, பெரிய முன்பணத்துக்குரியது. எந்தப் பிரிவில் எதுவரை இறங்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியர்களிடமே கொடுத்துவிட்டால் பாதி கேள்வி உங்கள் மேசைக்கு வராது.

நேர்காணலுக்குப் போகும்போது ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுத்துக் குறிக்கச் சொல்வார்கள். எல்லா வரியிலும் சிவப்பு மை பூசாதீர்கள். ஐந்து இடம் குறியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பணத்தில் என்ன வித்தியாசம் என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு நீங்கள் கேளுங்கள்: பழைய தலைப்புகளிலிருந்து வரும் வருமானம் மொத்தத்தில் எவ்வளவு, ஒலிநூல் உரிமை உங்களிடம் இல்லாத தலைப்புகள் எத்தனை, உரிமை விவரங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா, அலமாரியிலா? கடைசிக் கேள்விக்கு "அலமாரியில்" என்று பதில் வந்தால் மேலே சொன்ன தணிக்கையை நீங்களே செய்து தருவதாகச் சொல்லுங்கள்.